தரையைத் துடைத்தது நான்தான்

அன்றைக்கு ஹாலில் இருந்தவர்கள் எட்டுப் பேர். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் பலர் பலவிதமாகப் பேசினார்கள். இல்லாதவர்கள்கூட இருந்ததுபோலச் சொன்னார்கள்.

பாலே நடனப் பள்ளியின் தலைமை ஆசிரியை நளினி மேடம், கண்ணாடிச் சுவருக்கு முன்னால் மடக்கு நாற்காலியில். அவர் கணவர் ராகவன் சார், ஸ்பீக்கர் பக்கத்தில் லேப்டாப்போடு. யாமினி மிஸ், வழக்கம்போலத் தரையில். பதின்மூன்று வயது ஆதிரை. அவளோடு தேர்வுக்குப் போகவிருந்த இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர். ஆதிரையின் அம்மா, வேறொரு ஸ்கூலில் வேலை பார்க்கும் கவிதா டீச்சர், கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில். எட்டாவது ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று நாள் அடித்த மழை விட்டிருந்தது. தேர்வு எடுக்க வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மாள் வருவதற்கு எட்டு நாள் இருந்தது. அன்று நடந்தது அதற்கான ஒத்திகை.

ஆதிரை நடுவில் வந்து நின்றாள். சார் இசையைப் போட்டார். ஒற்றைக் காலில் சுழல்வதற்கு முன்னால் அவள் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல, கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். நேரே சொல்லத் தெம்பிருந்தால் ஆறேழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

இரும்புக்கடைக்கு மேலே

குரோம்பேட்டையில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனி மூடியதை இந்தத் தொடரில் போன தடவை எழுதியிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாற்பது வயதுக்கு மேல் யார் வேலை தருவார்கள்? ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், இரும்புக்கடைச் சுவரில், 'ஷூ தைக்கத் தெரிந்த பெண் தேவை, இரண்டாவது மாடி' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏதோ செருப்புக்கடை என்று நினைத்துத்தான் படி ஏறினேன்.

மேலே போனால் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிர்ச்சுவரில் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒரு மரக் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, முட்டியை மடக்கி மடக்கி நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தமும் பியானோ பாட்டும்தான்.

நளினி மேடம் ஒரு ஷூவை என் கையில் கொடுத்தார். ரோஸ் நிறச் சாட்டின். நுனி மட்டும் கட்டைபோலக் கெட்டி. தட்டிப் பார்த்தேன். மரமில்லை. துணியையும் காகிதத்தையும் பசை போட்டு அடுக்கடுக்காக இறுக்கியது. அதன் நுனியில்தான் பிள்ளைகள் நிற்க வேண்டும். பாயின்ட் ஷூ என்று பெயர்.

"ரிப்பன் தைக்கணும். தையல் உள்துணியில மட்டும் ஓடணும். சாட்டின்ல தெரியக் கூடாது."

தைத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "நாளைலேர்ந்து வாங்க" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

மேடத்தின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். கல்கத்தாவில் வளர்ந்தபோது அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் பன்னிரண்டு வருஷம் பாலே கற்றுக்கொண்டார். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, பிள்ளையைப் பெரியவனாக்கி, ஐம்பது வயதில் பள்ளி தொடங்கினார். ராகவன் சார் பாங்க் வேலையை முன்கூட்டியே விட்டு வந்த பணம் பூராவும் அந்தத் தரைக்குள் போனது. சிமென்ட் மேல் ரப்பர், அதன் மேல் பலகை, அதன் மேல் சாம்பல் நிற ஷீட். குதித்தால் முட்டியில் அடி வாங்காது.

பிள்ளைகளின் முட்டி அடி வாங்கவில்லை, கீழே கடையில் இருந்தவர்தான் வாங்கினார். கட்டடம் இரும்புக்கடைக்காரருடையது. அந்த நாளில் அங்கே வயல் வைத்திருந்த குடும்பம். ஒரு நாள் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"இன்னா சார், மேல குதிரை கட்டி வெச்சிகினுகீறியா? கல்லாப்பெட்டி ஆடிக்கினு கீது!"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குதிரை இல்லீங்க. எல்லாம் நாலாங்கிளாஸ்."

மறுவருஷம் அவர் பேத்தியே சேர்ந்துவிட்டாள். கல்லாப்பெட்டிக்கு அடியில் அட்டை வைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு மரக் கைப்பிடிக்கும் ஸ்பீக்கருக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். ஒரு வருஷம் அம்மாக்கள் சேர்ந்து பாயின்ட் ஷூவுக்கும் வைத்துவிட்டார்கள். சாட்டினில் மஞ்சள் கறை. மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அடித்தோலில் மட்டும் ஒரு பொட்டு. பிள்ளைகள் நுனிக்காலில் ஏறும்போதெல்லாம் அந்தப் பொட்டு தெரியும்.

தரையில் உட்காரும் ஆசிரியை

யாமினி மிஸ் மேடத்தின் முதல் பேட்ச் மாணவி. பெருங்களத்தூர்ப் பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து முழு உடம்பையும் பார்ப்பார். மிஸ் அப்படியில்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்து, சில நேரம் குப்புறப் படுத்தே, பிள்ளைகளின் பாதத்தை நேருக்கு நேர் பார்ப்பார்.

"கால் பொய் சொல்லாதுக்கா. மூஞ்சி சிரிச்சினே இருக்கும், கால் நடுங்கும்" என்பார் என்னிடம்.

ஒரு பிள்ளைக்குப் பாயின்ட் ஷூ எப்போது கொடுக்கலாம் என்பதுதான் அந்த இடத்தில் பெரிய முடிவு. சீக்கிரம் கொடுத்தால் எலும்பு கெடும். தள்ளிப்போட்டால் பிள்ளை மனசு விட்டுப்போகும். பிடி இல்லாமல் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இருபது தடவை ஏறி இறங்கச் சொல்லி, கணுக்காலில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். ஆதிரை விஷயத்தில் மேடம் தயங்கினார். இன்னும் ஆறு மாதம் போகட்டும் என்றார். மிஸ் மூன்று வாரம் பார்த்துவிட்டு, "ரெடி மேடம். நான் சொல்றேன்" என்றார்.

ஷூ வாங்கலாம் என்ற சீட்டில் மேடம் கையெழுத்துப் போட்டார். ரிப்பன் தைத்தது நான்.

என் பயம்

எனக்குப் பயம் பிறவியிலேயே உண்டு. கேஸ் வால்வை மூடிவிட்டுப் பஸ் ஸ்டாப் வரை வந்து, திரும்பப் போய்ப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சொல்வார்: "நீ பயந்துகினே பாதி ஆயுச ஓட்டிட்ட. மீதிய பயந்துட்டோமேன்னு ஓட்டப் போற." அவர் விளையாட்டுக்குச் சொன்னது.

பள்ளியில் என் பயமெல்லாம் தரைமேல்தான். பிள்ளைகள் வழுக்கி விழுந்துவிடக் கூடாது. மழைக்காலத்தில் அந்த ஷீட் வியர்த்தது மாதிரி ஈரம் கோக்கும். ஒத்திகைக்கு முந்தின நாள் இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கால் லேசாக வழுக்கியது. விழவில்லை. சிரித்துக்கொண்டே நின்றுவிட்டாள். நான் யாமினி மிஸ்ஸிடம் ஓடினேன்.

"மிஸ், ஏதாவது பண்ணணும் மிஸ்."

"ஃபேனப் போட்டு காய விடுங்க தேவகிக்கா. அது போதும். வேற எதுவும் வேணாம்."

வேற எதுவும் வேணாம். தெளிவாகத்தான் சொன்னார். என் காதிலும் விழுந்தது.

ஆனால் எனக்கு வேறொன்று தெரிந்திருந்தது. அதற்கு முந்தின வருஷம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் ஆண்டு விழா. மேடைப் பலகையை மெழுகு போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்கள். கண்ணாடி மாதிரி வழுக்கியது. மேடம் என்னை அனுப்பி கறுப்புக் கூல்டிரிங்க்ஸ் ஒரு பாட்டில் வாங்கிவரச் சொன்னார். ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து துடைக்கச் சொன்னார். காய்ந்ததும் சர்க்கரை தரையைப் பிடித்துக்கொள்ளும், கால் வழுக்காது. மேடைகளில் பண்ணுகிற பழைய வழி என்றார். அன்று ஒரு பிள்ளைகூட வழுக்கவில்லை. அந்த வித்தை எனக்கும் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

இரண்டு பாட்டில்

ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஹாலைத் திறந்தேன். இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஒன்று போதாதோ என்று பயம். தண்ணீர் அதிகமானால் பிடிக்காதோ என்று அரை பக்கெட்தான் பிடித்தேன். ஹால் முழுக்கத் துடைத்தேன். ஜன்னல் ஓரத்தில்தான் சாரல் அடிக்கும், அங்கேதான் அதிகம் வழுக்கும் என்று மிச்சத்தை அங்கே கவிழ்த்து இன்னும் இரண்டு தடவை இழுத்தேன். நாற்றம் தெரியாமலிருக்கச் சாம்பிராணி போட்டேன்.

சாம்பிராணி போட்டதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தப்பில்லை என்று நினைத்திருந்தால் நாற்றத்தை எதற்கு மறைத்தேன்?

பிள்ளைகள் வந்தார்கள். உடம்பைச் சூடு பண்ணினார்கள். இரட்டையரில் ஒருத்தி, "மிஸ், இன்னிக்கு ஃப்ளோர் சூப்பரா பிடிக்குது!" என்றாள். மிஸ் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஃபேன் போட்டதால் என்று நினைத்துக்கொண்டார். நான் சிரித்தேன்.

ஆதிரை நடுவில்தான் தொடங்கினாள். மூன்றாவது சுழலில் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தாள். உடம்பு திரும்பியது. பாதம் திரும்பவில்லை. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் விழுந்தாள்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு, அழாமல், யாமினி மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள்: "கால் ஒட்டிக்கிச்சு மிஸ்."

"என்னடி உளர்ற? ஒட்டுமா காலு?" என்று கவிதா டீச்சர் கத்தினார். அழுகையும் கோபமுமாக மிஸ் பக்கம் திரும்பினார். "அந்த ஷூவ இப்ப போடலாம்னு சொன்னது யாரு? மேடம் வேணாம்னாங்க இல்ல? நீங்கதான சொன்னீங்க?"

மிஸ் ஆதிரையின் கணுக்காலில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ராகவன் சார் ஆட்டோவுக்கு ஓடும்போது வாசலில் என்னைக் கேட்டார்: "தரை தொடச்சீங்களா?"

"தொடச்சேன் சார்."

அவ்வளவுதான் சொன்னேன். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் கெட்டிலில் வெந்நீர் வைத்து அந்தத் தரையை மூன்று தடவை கழுவினேன். ஆதிரை கழற்றிப் போட்ட ஷூவை எடுத்துப் பார்த்தேன். அடித்தோலில், குங்குமப் பொட்டின் மேல், பிசுபிசுவென்று அழுக்குப் படிந்திருந்தது. அதையும் ஈரத்துணியால் துடைத்து வைத்தேன்.

கையெழுத்துப் போட்டவரும் பார்த்தவரும்

முட்டிக்குள் தசைநார் அறுந்துவிட்டது என்று ஆபரேஷன் செய்தார்கள். நடக்கலாம், ஓடலாம், பாலே மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர்.

பெற்றோர் கூட்டம் நடந்தது. நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு வாரமாகக் கொதித்ததெல்லாம் அன்று நேரில் வந்தது. 'அனுபவமில்லாத டீச்சர்', 'சர்டிஃபிகேட்டுக்காகப் பிள்ளைகளைப் பிழியறாங்க.' நளினி மேடம் எழுந்து நின்றார்.

"ஷூவுக்குக் கையெழுத்து போட்டது நான். கேக்க வேண்டியத என்னைக் கேளுங்க."

யாமினி மிஸ்ஸும் எழுந்தார். "இல்ல மேடம். கால பார்த்தது நான். ரெடின்னு சொன்னது நான். நீங்க என்னை நம்பிப் போட்டீங்க."

என் கையில் டீ டிரே. யாருக்கும் கொடுக்காமல் நடு ஹாலில் நின்றிருந்தேன். யாரோ, "அக்கா, இப்படி வெச்சிடுங்க" என்றார்கள். வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து ராகவன் சாரிடம் சொன்னேன். பாட்டில், பக்கெட், சாம்பிராணி எல்லாம். அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை விரலால் எண்ணினார்.

"மேடத்துக்குச் சொல்லாதீங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

"மிஸ் மேல பழி விழுதே சார்."

"தரைன்னு சொன்னா ஸ்கூல் மேல விழும் தேவகி. அறுபது குழந்தைங்க. நாளைக்கே எல்லாரும் போயிடுவாங்க. நீங்களும் நானும் மேடமும் எங்க போறது? யாமினி சின்னப் பொண்ணு. வேற எடத்துல பொழச்சுப்பா."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஜுரம் வந்தால் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வருகிறவர். அவர் சொன்னதால் பேசாமலிருந்தேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மீதிப் பாதி அது.

யாமினி மிஸ் அந்த மாதக் கடைசியில் நின்றுவிட்டார். போகும்போது என்னிடம், "ஸ்பீக்கர் ஒயர் லூசா இருக்கு தேவகிக்கா, டேப் போட்டு வைங்க" என்றார். கடைசி மாதச் சம்பளத்தை வாங்கவில்லை. ஆதிரையின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். சார் அதைக் கவரில் போட்டு, மேலே 'யாமினி' என்று சிவப்புப் பேனாவில் எழுதி, கவிதா டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் கதவைக்கூடத் திறக்கவில்லை. கவர் திரும்பிப் பீரோவுக்குள் வந்தது.

கவர்

அடுத்து வந்தது கொரோனா. ஊர் அடங்கியது. கம்ப்யூட்டரில் பாடம் நடத்திப் பார்த்தார்கள்; முட்டி தெரிந்தால் பாதம் தெரியவில்லை. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். மேடம் அந்தப் பெரிய ஹாலில் தனியாக உட்கார்ந்து போன் திரையைப் பார்த்து, "காலைக் காட்டுடா கண்ணு" என்று கெஞ்சுவார். இரண்டு மாதம் எனக்குச் சம்பளமில்லை. மூன்றாவது மாதம் சார் என்னைக் கூப்பிட்டு அந்தக் கவரைக் கொடுத்தார். 'யாமினி' என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டிருந்தார்.

"ரெண்டு மாசத்துக்குச் சரியா இருக்கும்."

சரியாகத்தான் இருந்தது. அரிசி வாங்கினேன். கரன்ட் பில் கட்டினேன். யார் பணம் என்று தெரிந்தே வாங்கினேன்.

அந்த வருஷமே பள்ளி மூடிவிட்டது. பலகையையும் ரப்பரையும் பெயர்த்தெடுத்து வண்டலூர்ப் பக்கம் ஒரு ஜிம்முக்கு விற்றார்கள். மேடமும் சாரும் பெங்களூரில் மகன் வீட்டோடு போனார்கள். யாமினி மிஸ் வேறு எங்கும் பாலே சொல்லித் தரவில்லை என்று கேள்விப்பட்டேன். தாம்பரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருந்தார். ஒரு தடவை குரோம்பேட்டை ஸ்டேஷனில் அவர் நடைமேடையில் வருவதைப் பார்த்து, ஏற வேண்டிய ரயிலை விட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

மாடிப்படி

இந்தத் தொடரில் நான் பார்த்த ஒவ்வொரு வேலையையும் எழுதிக்கொண்டு வருகிறேன். பாலே பள்ளியைத் தாண்டிக் குதித்து அடுத்த வேலைக்குப் போய்விடலாம் என்று இரண்டு வாரம் முயன்றேன். பேனா ஓடவில்லை. போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"தேவகிக்கா! பல்லு வலியா?" என்று எழுந்து வந்தார் மிஸ். கொஞ்சம் உடம்பு போட்டிருந்தார். கழுத்து மட்டும் அதே நிமிர்வு.

மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நான் முடித்ததும் கேட்டார்.

"எத்தன பாட்டில்?"

"ரெண்டு மிஸ்."

"தண்ணி?"

"அரை பக்கெட்."

"எந்தப் பக்கம் அதிகமா போட்டீங்க?"

"ஜன்னல் பக்கம்."

கண்ணை மூடிக்கொண்டார். ஆதிரை நகர்ந்த வழியை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. நான் அழுதேன். அவர் அழவில்லை.

"அப்போ அவ கால் ரெடியாத்தான் இருந்துச்சு."

"ரெடியாத்தான் இருந்துச்சு மிஸ்."

"ரோட்ல எந்தக் கொழந்த நடந்து போனாலும் கணுக்காலத்தான் பாக்குறேன்க்கா. பாத்துட்டு, உனக்கென்னடி தெரியும்னு என்னையே கேட்டுப்பேன். இத்தன வருஷமா." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேணாம்னு சொன்னேனேக்கா. ஃபேன் போதும்னு சொன்னேனே."



மேடத்துக்குத் தானே போன் செய்வதாகச் சொன்னார். ஆதிரையிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். அன்று சாயங்காலமே சேலையூரில் அவள் வீட்டுக்குப் போனேன். காலேஜிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். கவிதா டீச்சர் பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டார். ஆதிரை முழுக்கக் கேட்டாள்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே ஆன்ட்டி, கால் ஒட்டிக்கிச்சுன்னு. யாருமே கேக்கல."

நான் கேட்டேன் ஆதிரை. எனக்கு மட்டும் கேட்டது. அதை அங்கே வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன். அவள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன்னால், மத்தியானம் மாடிப்படியில் மிஸ் எழுந்தபோது, கவர் என் கைக்கு வந்த கதையையும் சொல்லிவிட்டேன். பரவாயில்லைக்கா விடுங்க என்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

"அத நான் தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சுக் குடுத்தேன். பண்ணலையே. அது என் சம்பளம்க்கா, எனக்கு வேணும். மொத்தமா முடியலன்னா மாசாமாசம் குடுங்க."

பதினெட்டாயிரம் ரூபாய். கையிலிருந்த இரண்டாயிரத்தை அங்கேயே கொடுத்தேன். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். நேற்று இன்னொரு இரண்டாயிரம் அனுப்பினேன்.

பாக்கி பதினாலாயிரம்.